திருகோணமலை வளாகத்தில் நான்கு வருடம்: படிப்பு, நட்பு, முன்னேற்றம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்துக்குப் புதிதாக வருகிறவர்களும், இடையில் தடுமாறி நிற்கிறவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். கணினி விஞ்ஞானமோ முகாமைத்துவமோ தொடர்பாடலோ சித்த மருத்துவமோ, எது படித்தாலும் பெரும்பாலானவை பொருந்தும். வாரத்தில் உங்கள் கையில் எத்தனை மணித்தியாலம் இருக்கிறது, அதை யாரோடு செலவழிக்கிறீர்கள் என்ற கணக்குத்தான் இந்தப் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது.

ஜி.பி.ஏ. (தரப்புள்ளிச் சராசரி) எப்படிக் கணக்கிடுவது?

ஒவ்வொரு பாடத்தின் தரப்புள்ளியையும் அந்தப் பாடத்தின் கிரெடிட்டால் (பாடத்தின் அளவைக் காட்டும் எண்) பெருக்குங்கள். வந்த எல்லாவற்றையும் கூட்டி மொத்தக் கிரெடிட்டால் வகுங்கள். ஏ என்றால் 4.0, ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3, பி 3.0, பி மைனஸ் 2.7, சி பிளஸ் 2.3, சி 2.0, சி மைனஸ் 1.7.

ஓர் அரையாண்டில் நான்கு பாடம் என்று வைத்துக்கொள்வோம். 3 கிரெடிட் பாடத்தில் ஏ, இன்னொரு 3 கிரெடிட் பாடத்தில் பி, 2 கிரெடிட் பாடத்தில் ஏ மைனஸ், இன்னொரு 2 கிரெடிட் பாடத்தில் சி பிளஸ். பெருக்கிக் கூட்டினால் 12 + 9 + 7.4 + 4.6 = 33. மொத்தம் 10 கிரெடிட், ஆகவே 3.30. பட்டத்தில் இரண்டாம் வகுப்பு மேல்நிலைக்கு வழக்கமாகக் கேட்கப்படும் எல்லையில் சரியாக நிற்கிறீர்கள். அந்தக் கடைசிச் சின்னப் பாடத்தில் சி பிளஸ் போய் சி மைனஸ் வந்திருந்தால் 3.18. இரண்டு கிரெடிட் பாடம்தானே என்று கைவிட்டது வகுப்பையே மாற்றிவிடும்.

முதலாம் வருடம் பாஸ் பண்ணினால் போதும் என்று அண்ணாமார் சொல்கிறார்கள். உண்மையா?

பெரும்பாலும் இல்லை. சில பட்டநெறிகளில் முதலாம் வருடப் புள்ளி இறுதி வகுப்புக்கு எடுபடாது. உங்களுடையது எது என்று பீடத்தின் மாணவர் கைநூலில் முதல் வாரமே பார்த்துவிடுங்கள். எடுபடாத இடத்திலும் சிறப்புக் கற்கைக்கு ஆள் எடுப்பது தொடக்க வருடங்களின் பெறுபேற்றை வைத்துத்தான்.

எடுபடும் இடத்தில் கணக்கு இரக்கம் பார்க்காது. நான்கு வருடத்துக்கு 120 கிரெடிட், முதல் வருடம் 30 கிரெடிட்டில் 2.80 வந்தது என்று வையுங்கள். முதலாம் வகுப்புக்கு 3.70 வேண்டும். மீதி 90 கிரெடிட்டிலும் சராசரி 4.00 எடுத்தால்தான் அது சரிவரும், அதாவது மூன்று வருடமும் ஒரு பாடம் தவறாமல் ஏ. 3.30 கேட்கும் இரண்டாம் வகுப்பு மேல்நிலைக்கு மீதியில் 3.47 போதும், அது கடினம், ஆனால் முடியும். முதலாம் வருடம் சறுக்கியவர்கள் மனம் உடைந்து உட்காராமல் இந்தக் கணக்கைத் தங்கள் எண்களை வைத்துப் போட்டுப் பார்த்து, எட்டக்கூடிய இலக்கை எழுதி வைக்க வேண்டும்.

வாரத்துக்கு எவ்வளவு நேரம் படிக்க வேண்டும்?

இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியால வேலை. விரிவுரை, செய்முறை, ஒப்படை, சுயகற்றல், பரீட்சை எல்லாம் அதற்குள் அடக்கம். 15 கிரெடிட் அரையாண்டுக்கு 750 மணித்தியாலம். விரிவுரை வாரங்கள் 15, படிப்பு விடுமுறையும் பரீட்சையும் 3 வாரம் என்றால், வாரத்துக்கு ஏறத்தாழ 42. விரிவுரையும் செய்முறையும் போக, உங்கள் பொறுப்பில் 20 மணித்தியாலம் அளவில் மிஞ்சும்.

இந்த 20ஐ இரவில் மட்டும் அடைக்கப் பார்ப்பதுதான் வழக்கமான பிழை. திங்கள் இரவு 5 மணித்தியாலம், செவ்வாய் 5 என்று அட்டவணை போட்டு, புதன்கிழமை நித்திரை தூக்கியடித்து, வியாழன் அட்டவணையே காணாமல் போகும். வேறு விதமாகப் பிரியுங்கள். விரிவுரைகளுக்கிடையே வரும் ஒரு மணித்தியால இடைவெளிகளை நூலகத்தில் கழித்தால் வாரத்துக்கு 5 வரும். நான்கு இரவுகளில் 7.30இலிருந்து 10 வரை, நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம், அது 8. சனி காலை 4, ஞாயிறு பின்னேரம் 3. ஓர் இரவை வெறுமையாக விடுங்கள். தவறிய வேலை எல்லாம் அங்கே வந்து விழும்.

காலநிலையையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். கச்சான் என்ற வறண்ட சூட்டுக் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரை போடிங்கில் (வாடகை அறையில்) மதியம் 1 மணியிலிருந்து 4 மணி வரை ஒன்றும் தலையில் ஏறாது. அந்த நேரத்தில் உடுப்புத் தோய்ப்பது, கடைக்குப் போவது, தூங்குவது. கார்த்திகை, மார்கழி மழையில் மின்சாரமும் இணையமும் நின்று நின்று வரும். விரிவுரைக் கோப்புகளைப் போனில் இறக்கி வைத்திருங்கள், ஒப்படையைக் கடைசி இரவில் ஏற்றக் காத்திருக்காதீர்கள். கிண்ணியா, மூதூர் பக்கமிருந்து தினமும் வந்து போகிறவர்களுக்கு பஸ்ஸிலேயே நேரம் கரையும். நெரிசலில் புத்தகம் விரிக்க முடியாது. ஆனால் விரிவுரைப் பதிவு கேட்கலாம், சொல் அட்டைகளைப் புரட்டலாம்.

உயர்தரம் தமிழில் படித்தேன். இங்கே விரிவுரை இங்கிலீஷில். எப்படிச் சமாளிப்பது?

அநேகமானோர் செய்வது இதுதான்: விரிவுரைக் குறிப்பு முழுவதையும் தமிழாக்கி, தமிழில் பாடமாக்கி, பரீட்சை மண்டபத்தில் திரும்ப இங்கிலீஷாக்குவது. இரண்டு தடவை மொழிபெயர்க்கும் நேரம் பரீட்சையில் கிடையாது. கடைசிக் கேள்வி வெறுமையாகத்தான் போகும்.

பலன் தரும் வழி வேறு. விரிவுரைக்கு முன் 20 நிமிடம் ஸ்லைடைப் புரட்டி, தெரியாத பத்துச் சொல்லை எடுங்கள். அவற்றின் பொருளை மட்டும் உங்கள் சொந்தத் தமிழில் ஒரு வரியில் எழுதுங்கள். விரிவுரை முடிந்த அன்றே, குறிப்பைப் பார்க்காமல், சேர் என்ன சொன்னார் என்று ஐந்து இங்கிலீஷ் வாக்கியம் எழுதுங்கள். இலக்கணம் பிழையாகத்தான் வரும், எழுதுங்கள். வாரம் ஒரு தடவை அதில் ஒரு பகுதியை நண்பருக்குச் சொல்லிக் காட்டி, போனில் பதிந்து, திரும்பக் கேளுங்கள். ஒரு அரையாண்டு விடாமல் செய்தால் விரிவுரையைப் பின்தொடரும் வேகம் வந்துவிடும்.

கேள்வியில் வரும் ஏவல் சொற்களைத் தனியாகப் படியுங்கள். ‘டிஃபைன்’ என்றால் இரண்டு வரி வரைவிலக்கணம் போதும். ‘எக்ஸ்பிளெய்ன்’ என்றால் ஏன், எப்படி என்று காரணம் வேண்டும். ‘கம்பேர்’ என்றால் இரண்டையும் ஒரே அளவுகோலில் பக்கம் பக்கமாக வைக்க வேண்டும். ஒன்றைப் பற்றி ஒரு பக்கம், மற்றதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினால் பாதிப் புள்ளி போகும். ‘இவாலுவேட்’ என்றால் கடைசியில் உங்கள் முடிவு இருக்க வேண்டும். விஷயம் தெரிந்தும் புள்ளி குறைகிறவர்களில் பலர் இங்கேதான் விடுகிறார்கள்.

குப்பி (மாணவர்கள் கூடி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துப் படிப்பது) போடுவதில் பயன் இருக்கிறதா?

மிக அதிகம், ஒழுங்காகப் போட்டால். பரீட்சைக்கு முதல் கிழமை பட்ச்சில் கெட்டிக்காரர் ஒருவர் 30 பேருக்கு இரவிரவாகச் சொல்லிக்கொடுப்பதைத்தான் பலர் குப்பி என்று பழகியிருக்கிறார்கள். அதில் உண்மையாகப் படிப்பது சொல்லிக்கொடுப்பவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு விளங்கியதுபோல் இருக்கும்; தனியே தாளைத் தொட்டால் கை ஓடாது.

ஆள் 4 முதல் 6. நேரம் 90 நிமிடம். கிழமைக்கு ஒரு தடவை, இரண்டாம் வாரத்திலிருந்தே. முதல் 20 நிமிடம் ஒருவர், குறிப்பைப் பார்க்காமல், ஒரு தலைப்பை விளக்க வேண்டும். அடுத்த அரை மணித்தியாலம் மற்றவர்கள் கேள்வி கேட்பது. தெரியாததை ஒரு தாளில் எழுதி வைத்து விரிவுரையாளரிடம் கொண்டு போவது. கடைசியில் பழைய பரீட்சைத் தாளிலிருந்து (பாஸ் பேப்பர்) ஒரு கேள்வியை எல்லோரும் தனித்தனியே 25 நிமிடம் எழுதி, தாளை மாற்றித் திருத்திக்கொள்வது. மற்றவர் விடையில் இருக்கும் ஓட்டை கண்ணில் படும்போது உங்கள் ஓட்டையும் தெரியவரும். விளக்குகிற முறை சுற்றிச் சுற்றி வர வேண்டும். ‘எனக்குத் தெரியாது, நீயே சொல்லு’ என்று நழுவுகிறவருக்குச் சின்னத் தலைப்பைக் கொடுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள்.

கன்டீனில் வைத்தால் பிளேன்டீயோடு கதை நீளும். நூலகத்தில் கூடிப் பேச இடமிருந்தால் அங்கே, இல்லாவிட்டால் 4 மணிக்குப் பிறகு வெறுமையாகும் விரிவுரை அறையை அனுமதி கேட்டு எடுங்கள்.

சிங்களப் பிள்ளைகளோடு பழக ஆசை. ஆனால் கதைக்கத் தெரியாதே?

திருகோணமலையில் படிப்பதால் கிடைக்கும் மிகப் பெரிய வாய்ப்பு இதுதான். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் வாழும் மாவட்டம் இது. வளாகத்துக்குள்ளும் தெற்கிலிருந்து வந்தவர்கள் பக்கத்து மேசையில் இருக்கிறார்கள். இருந்தும் நான்கு வருடமும் தங்கள் மொழிக்காரரோடு மட்டும் இருந்து, புன்னகையோடு மட்டும் நிறுத்திக்கொண்டு போகிறவர்கள் ஏராளம்.

வணக்கம் சொல்லிப் பழகுவதைவிட சேர்ந்து ஒரு வேலை செய்வது விரைவாக நெருக்கம் தரும். குழு ஒப்படைக்கு ஆள் சேர்க்கும்போது வேண்டுமென்றே கலந்து சேருங்கள். பிறகு கிழமைக்கு இரண்டு தடவை, 30 நிமிட மொழிப் பரிமாற்றம்: 15 நிமிடம் சிங்களம் மட்டும், 15 நிமிடம் தமிழ் மட்டும், இடையில் இங்கிலீஷுக்கு ஓடக்கூடாது. முதல் கிழமைகளுக்குத் தலைப்பு கட்டாயம் வேண்டும்: பஸ்ஸில் டிக்கெட் எடுப்பது, கடையில் விலை கேட்பது, வீட்டு ஆட்களைப் பற்றிச் சொல்வது. இலக்கணப் புத்தகத்தோடு தொடங்கினால் மூன்றாம் கிழமை நின்றுவிடும்.

அரச சேவைக்குப் போகிறவர்கள் இரண்டாவது அரச கரும மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும் என்பதால், நியமனம் கிடைத்த பிறகு காசு கட்டிப் படிக்கப் போவதை இங்கேயே நண்பரிடம் படிக்கலாம். நோன்பு காலத்தில் மாலைக் கூட்டங்களை நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்பே முடியுங்கள். போயா தினங்களை (பௌத்தர்களின் பௌர்ணமி நாள்கள்) பார்த்து நிகழ்ச்சி வையுங்கள். தைப்பொங்கலுக்கு உங்கள் போடிங்குக்குக் கூப்பிடுங்கள். அரசியல் விவாதத்தை முதல் மாதமே திறக்க வேண்டாம். யுத்த காலம் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொன்றைப் பறித்திருக்கிறது. நம்பிக்கை வந்த பிறகு அவர்களே சொல்வார்கள், நீங்களும் சொல்வீர்கள்.

எனக்கு ‘செட்’ (நண்பர் கூட்டம்) இல்லை. தனியாகவே இருக்கிறேன்.

முதல் மாதத்தில் சேர்ந்த கூட்டங்கள் பாதி அடுத்த வருடம் கலைந்துவிடும். நீங்கள் பிந்திவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. ஒரே ஆட்களை ஒரே நேரத்தில் திரும்பத் திரும்பச் சந்திக்கும் இடம் ஒன்றைப் பிடியுங்கள்: விளையாட்டுப் பயிற்சி, இந்து மன்றம், முஸ்லிம் மஜ்லிஸ், நாடகக் குழு, பாடச் சங்கம். இரண்டு மூன்றில் பெயர் கொடுப்பதைவிட ஒன்றில் ஆறு கிழமை விடாமல் போவது நல்லது. பத்து நிமிடம் முந்திப் போய் கதிரை அடுக்க உதவுங்கள். கூட்டத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு அந்தப் பத்து நிமிடத்தில்தான் பேச்சு வரும்.

நண்பர்கள் கூப்பிட்டால் மறுக்க முடியவில்லை. படிப்பு பின்தங்குகிறது.

‘வரமாட்டன்’ என்று மட்டும் சொன்னால் முறிவு. வேறொரு நேரத்தையும் சேர்த்துச் சொன்னால் முறிவு இல்லை: “மச்சான், இண்டைக்கு பேப்பர் ஒண்டு செய்யிறன். நாளைக்குப் பின்னேரம் டச்பே கடற்கரைக்கு வாறன்.” சொன்னபடி மறுநாள் போக வேண்டும்; அதுதான் முக்கியம். மூன்று தடவை இப்படிச் சொல்லியும் கோபிக்கிற கூட்டம் என்றால் தூரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

கடன் விஷயத்தில் ஒரு கட்டுப்பாடு: திரும்பி வராவிட்டாலும் இந்த மாதம் சாப்பாட்டுக்கு இடிக்காத தொகையை மட்டும் கொடுங்கள். நண்பருக்காக வங்கியிலோ லீசிங்கிலோ பிணைக் கையெழுத்து வைக்காதீர்கள், யார் கேட்டாலும்.

பகிடிவதைக்கு என்ன செய்வது?

அது குற்றம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் தொல்லையோ கடும் காயமோ சேர்ந்தால் பத்து வருடம் வரை.

நடந்த அன்றே தேதி, நேரம், இடம், யார், யார் பார்த்தார்கள் என்று எழுதுங்கள். வட்ஸ்அப் செய்திகளை, அனுப்பியவரின் இலக்கம் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். பயத்தில் அழித்துவிடுவதால்தான் பல முறைப்பாடுகள் நிற்காமல் போகின்றன. மாணவ ஆலோசகர், விடுதிப் பொறுப்பாளர், பீடாதிபதி இவர்களில் ஒருவரிடம் எழுத்தில் கொடுத்து, பிரதியில் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள். உள்ளே அசையாவிட்டால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு இணையவழி முறைப்பாடு செய்யலாம். உடனடி ஆபத்து என்றால் பொலிஸ் 119.

‘ராக் வாங்காவிட்டால் அண்ணாமார் அக்காமார் நோட்ஸ் தரமாட்டார்கள்’ என்ற பயத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். பகிடிவதையில் சேராத சீனியர்கள் ஒவ்வொரு பட்ச்சிலும் இருக்கிறார்கள், உதவுகிறவர்களும் அவர்கள்தான்.

மாதச் செலவுக்குக் காசு போதவில்லை.

மகாபொல புலமைப்பரிசில் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், நிதியுதவிக் கொடுப்பனவு 4,000இலிருந்து 6,500 ஆகவும் கூட்டப்பட்டன. அதன் பிறகான தொகையை நலன்புரிப் பிரிவில் கேளுங்கள். மாதாமாதம் ஒரே தேதியில் வரும் என்று நம்பி போடிங் காசை அதில் கட்டாதீர்கள். பிந்தினால் சேர்ந்து வரும். சேர்ந்து வரும் மாதத்தில் போனை மாற்றாமல், இரண்டு மாத வாடகையை ஒதுக்கி வைத்தால் அடுத்த தாமதம் வலிக்காது.

பகுதிநேர வேலைக்கு சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் ஆள் தேவைப்படும். வேலை நேரத்தையும் கூலியையும் எழுத்தில், குறைந்தது வட்ஸ்அப்பிலாவது, வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். கிழமைக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டினால் மேலே சொன்ன 20 மணித்தியாலப் படிப்பு நேரத்தில் கை வைக்கிறது. கணிதம், விஞ்ஞானம் தெரிந்தவர்களுக்கு சாதாரணதரப் பிள்ளைகளுக்கு வீட்டு வகுப்பு எடுப்பது இதைவிட நல்ல வழி: நேரம் குறைவு, உங்கள் அடித்தளமும் உறுதிப்படும்.

வீட்டில் அரச வேலை என்கிறார்கள். எனக்கு வேறு ஆசை.

அம்மா அப்பா கேட்பது நிச்சயத்தை. அவர்களின் காலத்தில் அது அரச நியமனமாக வந்தது. ‘எனக்கு அது பிடிக்கவில்லை’ என்று வாதாடினால் மாமா, சித்தப்பா எல்லோரும் கூடிவிடுவார்கள். ஒரு தாளோடு போங்கள்: எந்தத் துறை, அதில் இப்போது ஆள் எடுக்கும் மூன்று நிறுவனங்களின் விளம்பரம், அவர்கள் கேட்கும் தகுதி, உங்களிடம் இருப்பது, குறைவதை எந்த மாதத்துக்குள் எடுப்பீர்கள், பட்டம் முடிந்து எத்தனை மாதத்துக்குள் சரிவராவிட்டால் போட்டிப் பரீட்சைக்குத் திரும்புவீர்கள். கடைசி வரியைப் பார்த்துத்தான் பல பெற்றோர் சம்மதிக்கிறார்கள்.

பட்டதாரி நியமனத்தை மட்டும் நம்பியிருப்பதும் திட்டம் ஆகாது. அது வருடா வருடம் வருவதில்லை.

ஒரு பாடம் விழுந்துவிட்டது. இனி?

ரிப்பீட் (திரும்ப எழுதும் பரீட்சை) விண்ணப்பத் தேதியை முதலில் குறியுங்கள். அது தவறினால் ஒரு வருடம் போகும். ரிப்பீட்டில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பொதுவாக சி தரத்துக்கு மேல் கிடைக்காது. ஆகவே சுகமில்லாத நிலையில் பரீட்சை எழுதி விழுவதைவிட, முறைப்படி மெடிக்கல் கொடுத்து அடுத்த தடவை அதை முதல் தடவையாகவே கணக்கெடுக்கும்படி எழுதுவது லாபம். மருத்துவச் சான்றிதழ் எத்தனை நாளுக்குள், யாரிடம் கொடுக்க வேண்டும் என்று கைநூலில் இருக்கும். நாள் கடந்த சான்றிதழ் செல்லாது.

மனம் சோர்ந்து எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால்?

இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை, சாப்பாடு, விரிவுரை மூன்றும் குழம்பியிருந்தால் சோம்பேறித்தனம் என்று உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம். 1926 தேசிய மனநல உதவி இலக்கம், இரவும் பகலும் எடுக்கலாம். திருகோணமலைப் பொது வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நண்பர் யாராவது இப்படி இருந்தால் புத்தி சொல்லாமல் பக்கத்தில் இருங்கள், கூட்டிக்கொண்டு போங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றே கூட்டிக்கொண்டு போங்கள், தனியே விடாதீர்கள்.

இறுதி வருட ஆய்வுக்கு எப்படித் தலைப்பு எடுப்பது?

தரவு பஸ்ஸில் போய் எடுத்துவரும் தூரத்தில் இருக்கட்டும். தம்பலகாமத்து நெல் விவசாயிகள் விதைநெல் வாங்கும் முறை, கன்னியா வெந்நீரூற்றுக்கு வருகிறவர்களின் செலவு, நகரப் பெயர்ப்பலகைகளின் மும்மொழிப் பிழைகள், மீனவர் போனில் பார்க்கும் காலநிலைத் தகவல் என்று சுற்றிலும் கிடக்கிறது. கொழும்பு நிறுவனம் ஒன்றின் உள்தரவை நம்பித் தொடங்கியவர்கள் அனுமதிக் கடிதத்துக்கே மூன்று மாதம் காத்திருப்பார்கள்.

ஒரு பக்கத்தில் கேள்வி, தரவு எங்கே, யாரிடம் அனுமதி, எட்டுக் கிழமைக்குள் முடியுமா என்று எழுதி, இரண்டு தலைப்போடு விரிவுரையாளரைச் சந்தியுங்கள். வினாக்கொத்தை முதலில் பத்துப் பேரிடம் கொடுத்துப் பாருங்கள். விளங்காத கேள்வி அங்கேயே தெரியும். தமிழிலும் சிங்களத்திலும் கொடுப்பதென்றால் மொழிபெயர்ப்பை அந்த மொழி பேசும் நண்பர் ஒருவர் திரும்ப மூலமொழிக்கு மாற்றிப் பார்க்கட்டும். பொருள் நழுவிய இடம் அப்போது பிடிபடும். நிரப்பிய தாள்களை அன்றன்றே கணினியில் ஏற்றி, மடிக்கணினியில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று என்று இரண்டு பிரதி வையுங்கள்.